சுவரில் பலகை, மேசையில் நாட்குறிப்பு

கேள்வி இதுதான்: "இருசக்கர வாகனம் திருடுபோய் இரண்டு மாதம் ஆகிறது. காவல் நிலையத்தில் மனு ரசீது மட்டும் கொடுத்தார்கள், வழக்குப் பதியவில்லை. காத்திருந்த நேரத்தில் சுவரில் இருந்த பலகையைப் படித்தேன். மக்கள் சேவை, நேர்மை, பாரபட்சமின்மை என்று வரிசையாக எழுதியிருந்தது. அந்தப் பலகைக்கு ஏதாவது மதிப்பு உண்டா? காவல்துறைக்கென்று நெறிமுறை ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? இருந்தால், மீறுகிறவரை யார் கேட்பது?"

நான் 1987இல் தமிழ்நாடு காவல்துறையில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன். இடையில் ஒன்பது ஆண்டுகள் நிலைய எழுத்தர் வேலை. எல்லோரும் ஸ்டேஷன் ரைட்டர் என்பார்கள். லத்தியைவிடப் பேனாவை அதிகம் பிடித்த கை இது. ஆகவே என் பதில் பதிவேடுகள் பக்கமே சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பலகைக்குச் சட்ட மதிப்பு கிடையாது. அதை எழுதிய பெயிண்டருக்குக் கொடுத்த கூலிதான் அதன் மதிப்பு. அதைக் காட்டி எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. ஆனால் அதில் இருக்கிற வார்த்தைகள் காற்றில் இருந்து வந்தவை அல்ல. 1985இல் மத்திய உள்துறை அமைச்சகம் இந்தியக் காவல்துறைக்கென்று ஒரு நடத்தை நெறியை எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியது. பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு அதை மனப்பாடம் செய்யவைத்தார்கள். அரசியல் சட்டத்துக்கு உண்மையாக இருப்பது, அச்சமோ தயவோ வன்மமோ இல்லாமல் சட்டத்தை அமல்படுத்துவது, முடிந்தவரை அறிவுரையாலும் எச்சரிக்கையாலும் காரியம் முடிப்பது, பலத்தைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் மிகக் குறைந்த அளவோடு நிறுத்துவது என்று நீளும். அதில் இரண்டு வரிகள் என்னை வேலைக் காலம் முழுவதும் துரத்தின. ஒன்று, காவலர் தன் அதிகாரத்தின் எல்லையை அறிந்திருக்க வேண்டும், நீதிபதியின் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு தண்டிக்கக் கூடாது என்பது. இன்னொன்று, காவல்துறையின் திறமைக்குச் சோதனை குற்றமும் ஒழுங்கின்மையும் இல்லாதிருப்பதுதான், போலீஸ் நடவடிக்கை கண்ணுக்குத் தெரிவது அல்ல என்பது.

இரண்டாவது வரி லண்டன் மாநகரக் காவல்துறையோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய கொள்கை. அந்தப் படை 1829இல் தொடங்கியது. காவலரும் பொதுமக்களில் ஒருவரே, எல்லாக் குடிமக்களுக்கும் உள்ள கடமையை முழுநேரமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறவர், அவ்வளவுதான் என்ற கருத்தும் அங்கிருந்து வந்ததே. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் மாநிலக் காவல்துறை பிறந்த கதை வேறு.

1855இல் சென்னை மாகாணத்தில் ஒரு சித்திரவதை விசாரணை ஆணையம் அறிக்கை கொடுத்தது. வரி வசூலித்த கையும் காவல் செய்த கையும் அன்றைக்கு ஒன்று. வரி கொடுக்காத குடியானவனைக் குனிய வைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்துவது, விரல்களைக் கிட்டியில் வைத்து நெரிப்பது எல்லாம் அந்த அறிக்கையில் விவரமாக இருக்கின்றன. அதைத் தொடர்ந்துதான் வருவாய்த்துறையிலிருந்து காவலைப் பிரித்து, 1859ஆம் ஆண்டின் 24ஆவது சட்டத்தின் மூலம் தனிப் படை உருவாக்கினார்கள். நாடு முழுமைக்குமான 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்துக்கு இரண்டு ஆண்டு முந்தியது நம்முடையது. அதாவது, அடிக்கக் கூடாது என்பதற்காக உருவாக்கப்பட்ட துறை இது. இந்தச் செய்தியைப் பயிற்சியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன்.

சரி, 1985 நெறியை மீறினால் என்ன ஆகும்? அந்த நெறியை மட்டும் மீறினால் ஒன்றும் ஆகாது. அது அறிவுரைதான். பல் இருப்பது வேறு மூன்று இடங்களில். பணி விதிகள் ஒன்று: தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகள், 1964. பரிசு வாங்குவது, கடன் வாங்குவது, சொத்து வாங்கினால் தெரிவிப்பது எல்லாம் அதில் வரும். மீறினால் 1955ஆம் ஆண்டு ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின்படி குற்றக் குறிப்பாணை வரும். சிறு தண்டனைக்கு 3-ஏ, பெரிய தண்டனைக்கு 3-பி. காவலர் குடியிருப்பில் "அவருக்கு த்ரீ பி வந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் அந்த வீட்டில் அன்று அடுப்பு எரியாது. இரண்டாவது, குற்றவியல் நடைமுறைச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் இருப்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டம். மூன்றாவது, நீதிமன்றத் தீர்ப்புகள். இந்த மூன்றும் பலகையில் இருக்கிற அழகான சொற்களைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. எந்தத் தாளில், எத்தனை மணிக்கு, யார் முன்னால் எழுதப்பட்டது என்றுதான் கேட்கின்றன. ஒரு நிலையத்தின் நேர்மையை அளக்க எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோலும் அதுதான்.

ஒரு காட்சி சொல்கிறேன். நிலையத்தில் பொது நாட்குறிப்பு என்று ஒரு புத்தகம் உண்டு. நாங்கள் ஜி.டி. என்போம். பாரா மாறுவது, ரோந்து கிளம்புவது, ஆள் கொண்டுவரப்படுவது, துப்பாக்கி எடுத்துக் கொடுப்பது, எல்லாம் மணி போட்டு வரிசையாக அதில் ஏற வேண்டும். ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு ஒரு பையனை அழைத்துவந்து உள்ளே உட்காரவைத்தார்கள். நான் பேனாவை எடுத்தேன். ஆய்வாளர் சொன்னார்: "ரைட்டர், அங்கே ஐந்து வரி விட்டுவிட்டு அடுத்ததை எழுதும்." விட்டேன். மறுநாள் காலை அந்த ஐந்து வரியில் எழுதச் சொன்னது இது: காலை ஆறு மணிக்குப் பேருந்து நிலையம் அருகே வாகனத் தணிக்கையில் இருந்தபோது சந்தேகப்படும்படி நின்றிருந்தவரைப் பிடித்து விசாரித்ததில், அவர் முன்னுக்குப் பின் முரணாகப் பதில் அளித்தார்.

அந்தக் கடைசிச் சொற்றொடரை என் கையால் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஊரில் இருக்கிற எல்லாச் சந்தேக நபர்களும் ஒரே மாதிரி முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார்கள் என்றால், பேசியது அவர்கள் அல்ல, எங்கள் பேனா. பையன் அடி வாங்கவில்லை, அன்றைக்கு. ஆனால் அவனுடைய ஏழு மணி நேரம் காகிதத்தில் இல்லாமல் போயிற்று. அந்த ஏழு மணி நேரத்தில் அவனுக்கு எது நடந்திருந்தாலும், சட்டத்தின் கணக்கில் அவன் அப்போது எங்கள் கையில் இல்லை. ஐந்து வரி இடம் விடுவது சின்னத் தவறு மாதிரித் தெரியும். பெரிய தவறுகள் எல்லாம் வந்து உட்காரும் இடம் அதுதான். நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. ஆய்வாளரிடம் முகம் கொடுக்க முடியாமல் போகுமே என்ற பயம்தான், வேறு காரணம் இல்லை.

கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு சொல்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதில்தான் விளையாட்டே இருக்கிறது. ஆள் கைக்கு வந்த நேரமா, காகிதத்தில் எழுதிய நேரமா? சட்டத்தின் நோக்கம் முதலாவது. நிலையத்தின் பழக்கம் இரண்டாவது. டி.கே.பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பதினொரு கட்டளைகள் போட்டது இதை மனத்தில் வைத்துத்தான். கைது செய்கிறவர் பெயர் தெரியும்படி வில்லை அணிய வேண்டும். கைதுக் குறிப்பு அந்த இடத்திலேயே எழுதப்பட வேண்டும். குடும்பத்தார் ஒருவரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், கைதானவரும் போட வேண்டும். உடலில் இருக்கிற காயங்களை, சின்னக் கீறல் உட்பட, அவர் கேட்டால் பரிசோதித்துக் குறித்து, அவருக்கு ஒரு நகல் கொடுக்க வேண்டும். காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும். இவற்றில் பல பிறகு சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன. புதிய சட்டத்தின் 36ஆவது பிரிவு பெயர் வில்லையையும் சாட்சியோடு கூடிய கைதுக் குறிப்பையும் சொல்கிறது, 38 விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையை, 48 உறவினருக்குத் தகவல் தருவதை.

ஒவ்வொன்றும் ஒரு தாள், ஒரு மணி, ஒரு வெளியாள் கையெழுத்து. நீதிமன்றம் எங்களிடம் நல்லவர்களாக இருங்கள் என்று கேட்கவில்லை. எழுதிவிடுங்கள் என்று கேட்டது. அதுதான் சாமர்த்தியம். நல்லவனாக இருப்பதாக நடிக்கலாம். மூன்று பேர் கையெழுத்தோடு இரவு பதினொரு மணி என்று எழுதிய தாளைக் காலை ஆறாக மாற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை.

சாத்தான்குளம் நினைவிருக்கும். 2020 ஜூன் 19ஆம் தேதி ஊரடங்குக் காலத்தில் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் இருவரும் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். காயங்களோடு ரிமாண்ட் செய்யப்பட்டுக் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போய், மூன்று நான்கு நாளில் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். முதல் தகவல் அறிக்கையில் எழுதியிருந்தது என்ன தெரியுமா? அவர்களே தரையில் உருண்டு புரண்டதால் உள்காயம் ஏற்பட்டது என்று. செய்தித்தாளில் அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அந்த வாக்கியத்தின் நடை எனக்குத் தெரியும். எங்கள் வகுப்பறையில் படித்த நடை அது.

அந்த நிலையத்தில் கண்காணிப்புக் கேமரா இருந்தது. ஆனால் பதிவு அன்றன்றைக்கு அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்ததாக விசாரணைக்குப் போன நடுவர் அறிக்கை கொடுத்தார். சாட்சியங்களைக் காப்பாற்ற உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் ஒப்படைக்கச் சொன்னது. 1859இல் வருவாய்த்துறையிடமிருந்து பிரித்த காவலை 2020இல் ஒரு நிலைய அளவில் திரும்ப அவர்களிடமே கொடுக்க வேண்டி வந்தது என்றால், இதைவிட எங்கள் துறைக்கு என்ன தலைகுனிவு வேண்டும்? அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும், வாசலில் இருந்து லாக்கப் வரை, கேமரா வைக்கவும் பதிவை 18 மாதம் பாதுகாக்கவும் உத்தரவிட்டது. கேமராவும் ஒரு நாட்குறிப்புதான். ஐந்து வரி இடம் விட அதற்குத் தெரியாது என்று நினைத்தோம். அதற்கும் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

சாத்தான்குளம் வழக்கில் எனக்குப் பெருமையாக இருப்பது ஒன்று உண்டு. அன்றிரவு பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், விசாரிக்க வந்த நடுவரிடம், விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தக் கறை இருந்தது என்று வாக்குமூலம் கொடுத்தார். வெளியே சக காவலர்கள் நின்றுகொண்டிருக்கும்போது கொடுத்தார். நெறிமுறை என்ற சொல்லுக்கு உருவம் கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன். என்னால் ஐந்து வரிக்குச் சொல்ல முடியாத 'இல்லை'யை அவர் ஒரு நிலையத்துக்கே சொன்னார்.

பிறகும் நின்றுவிடவில்லை. 2025 ஜூனில் திருப்புவனத்தில் ஒரு கோயில் காவலாளி நகைத் திருட்டு விசாரணையின்போது இறந்தார். காவலில் சித்திரவதை செய்வதைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் இன்னும் நம் நாட்டில் இல்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்துப் போட்டோம், உறுதி செய்யவில்லை. குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆவது பிரிவு, ஒப்புதல் வாக்குமூலம் பறிப்பதற்காகக் காயப்படுத்தினால் ஏழு ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் பத்து ஆண்டு வரை தண்டனை என்கிறது. இருக்கிறது. பயன்படுத்துவது அபூர்வம். இன்னொரு வேடிக்கை: போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே சட்டம், இப்போதும் அதுவே. செல்லாத ஒன்றுக்காகத்தான் இத்தனை அடி.

இனி உங்கள் வண்டிக்கு வருகிறேன். வழக்குப் பதியாமல் மனு ரசீது கொடுத்து அனுப்புகிறார்களே, அதற்குக் காரணம் சோம்பல் என்று நினைக்காதீர்கள். கணக்கு. மாதந்தோறும் குற்ற ஆய்வுக் கூட்டம் நடக்கும், கிரைம் மீட்டிங் என்போம். எத்தனை திருட்டு பதிவாயிற்று, எத்தனை கண்டுபிடித்தீர்கள் என்று அதிகாரி ஒவ்வொரு ஆய்வாளராக எழுப்பிக் கேட்பார். போன ஆண்டு இதே மாதத்தைவிட எண்ணிக்கை கூடியிருந்தால் எல்லோர் முன்னாலும் வசவு. பத்து வண்டி காணாமல் போய் பத்தையும் பதிந்து இரண்டைக் கண்டுபிடித்தவர் திட்டு வாங்குவார். இரண்டை மட்டும் பதிந்து இரண்டையும் கண்டுபிடித்தவர் ரிவார்டு வாங்குவார். குற்றம் இல்லாதிருப்பதே திறமைக்குச் சோதனை என்ற நல்ல வரி, இப்படித்தான் ஏட்டில் குற்றம் இல்லாதிருப்பது என்று ஆகிறது. நெறிமுறையை யாரும் மீறவில்லை பாருங்கள். அதைக் கடைப்பிடித்தே உங்கள் வண்டியை மறைத்துவிட்டார்கள்.

உங்களுக்குக் கொடுத்த மனு ரசீதை நாங்கள் சி.எஸ்.ஆர். என்போம். சமுதாயப் பணிப் பதிவேடு என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அது நல்ல நோக்கத்தோடு வந்தது. அதற்கு முன் மனு கொடுத்ததற்கு அத்தாட்சியே இருக்காது. குழாயடிச் சண்டை, தொலைந்த சான்றிதழ் போன்றவற்றுக்கு அது போதும். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தைப் பற்றித் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. புதிய சட்டத்தின் 173ஆவது பிரிவில் ஒரு சலுகை உண்டு: மூன்று ஆண்டும் அதற்கு மேலும், ஆனால் ஏழுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளர் அனுமதியோடு 14 நாளுக்குள் ஒரு முதற்கட்ட விசாரணை செய்யலாம். திருட்டு அந்த வரம்புக்குள் வரும். ஆனால் 14 நாள்தான். இரண்டு மாதத்துக்கு எந்தப் பிரிவிலும் இடம் இல்லை.

பலகையில் பாரபட்சமின்மை என்று இருந்ததாகச் சொன்னீர்கள். அதைச் சோதிக்க நாற்காலியைப் பாருங்கள். மனு விசாரணையில் எதிரெதிர்த் தரப்பு இருவர் வந்தால், ஒருவர் உட்கார்ந்தும் ஒருவர் நின்றும் பேசினால், அங்கே முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. பெரும்பாலும் இது கொடுக்கல் வாங்கல், வீட்டைக் காலி செய்வது, வேலித் தகராறு போன்ற சிவில் விவகாரம். நீதிமன்றம் போனால் வருடக்கணக்கில் ஆகும், நிலையத்துக்கு வந்தால் ஒரு சாயங்காலத்தில் முடியும் என்பதால் மக்களே கேட்டு வருகிறார்கள். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நல்ல எண்ணத்தோடு இருதரப்பையும் சமாதானம் செய்து அனுப்பிய ஏட்டுகளை எனக்குத் தெரியும். ஆனால் "இத்தனை நாளில் இவ்வளவு தருகிறேன்" என்று எழுதி வாங்கி நிலைய முத்திரை இல்லாத தாளில் கையெழுத்துப் போட வைப்பது கட்டப்பஞ்சாயத்துதான். நீதிபதியின் வேலையைக் கையில் எடுக்காதே என்ற வரி அடிக்கு மட்டும் அல்ல, இதற்கும் பொருந்தும். அந்தத் தாள் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது என்பதைக் கவனியுங்கள். பதிவேட்டில் ஏறாத எதுவும் நிலையத்தில் நடக்கக் கூடாது என்று ஒரே ஒரு விதி இருந்தால் போதும், மாமூல் உட்படப் பாதி நோய் போய்விடும்.

பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் விஷயத்தில் சட்டம் தெளிவு. சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்றால் பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்டவரையும், 60 வயது கடந்தவரையும் நிலையத்துக்கு வரச்சொல்லி வற்புறுத்த முடியாது. அவர்கள் இருக்கிற இடத்துக்கு நாங்கள்தான் போக வேண்டும். சூரியன் மறைந்த பின் பெண்ணைக் கைது செய்வது விதிவிலக்கான சூழலில், பெண் அதிகாரி நடுவரிடம் முன் அனுமதி வாங்கித்தான். போக்சோ வழக்கில் குழந்தையின் வாக்குமூலம் வாங்கும்போது சீருடையில் இருக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு துறை தன் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரச் சம்மதித்த இடம் அது.

காவலர் பக்கம் பேசாமல் விட்டால் நான் நன்றி கெட்டவன். எங்களுக்குச் சங்கம் வைக்க உரிமை இல்லை. சட்டப்படி காவலர் எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார், தூங்கும்போதுகூட. வாரத்தில் ஒரு நாள் விடுப்பு என்பதை அரசாணையாகவே போட வேண்டிவந்தது, அதுவும் 2021இல்தான். அதிகாரி வீட்டில் நாய் குளிப்பாட்டும் ஆர்டர்லி முறையை 1979இலேயே ஒழித்தாயிற்று என்று அரசாணை சொன்னது. 2022இல் உயர் நீதிமன்றம் மறுபடி அதை ஒழிக்கச் சொல்லவேண்டி வந்தது. இடையில் 43 ஆண்டுகள். பந்தோபஸ்தில் பதினாறு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வந்தவர் உங்களிடம் எரிந்து விழுந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நியாயம் இல்லை, காரணம் இருக்கிறது. தன்னை மேலதிகாரி ஒருமையில் அழைப்பதைப் பழகிக்கொண்டவருக்கு மனுதாரரை மரியாதையாக அழைப்பது தனியாகக் கற்க வேண்டிய பாடம் ஆகிவிடுகிறது.

யார் கேட்பது என்று கேட்டிருந்தீர்கள். கேட்க வேண்டியவர்கள் பட்டியல் நீளம்தான். பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், காவலர் மீதான புகார்களை விசாரிக்க மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் ஓய்வு பெற்ற நீதிபதிகள் தலைமையில் ஆணையம் வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013இல் காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், மாவட்டத்துக்கு ஆட்சியர். நிர்வாகத்தின் ஒரு கையைப் பற்றி இன்னொரு கையிடம் புகார் சொல்கிற ஏற்பாடு. நான் வேலையில் இருந்தவரை அந்த ஆணையத்தை நினைத்துப் பயந்த ஆய்வாளர் ஒருவரையும் பார்த்ததில்லை. லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் பயப்படுவார்கள். மாநில மனித உரிமை ஆணையத்தின் சம்மனுக்கு எரிச்சல்படுவார்கள், இழப்பீட்டுத் தொகையைச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்று கொஞ்சம் பயமும் உண்டு. அங்கே சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். ஆனால் உண்மையிலேயே இரவு தூக்கம் கெடுவது நீதித்துறை நடுவர் கையில் ஏதாவது காகிதம் போய்விட்டால்தான்.

"ஆயுதப்படைக்கு மாற்றம்" என்று செய்தி வந்தால் தண்டனை கொடுத்துவிட்டார்கள் என்று மக்கள் நினைக்கிறார்கள். மாற்றம் தண்டனை அல்ல. விதிகளில் தண்டனை என்று இருப்பவை கண்டனம், கருப்புப் புள்ளி, ஊதிய உயர்வு நிறுத்தம், பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம் போன்றவை. மாற்றம் என்பது சத்தம் அடங்கும்வரை ஆளைத் தள்ளி வைப்பது, அவ்வளவுதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மனு ரசீதின் எண், தேதி இரண்டையும் குறிப்பிட்டு, புகாரின் நகலோடு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரம் என்றால் காவல் ஆணையருக்கு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். திட்ட வேண்டாம். பலகையைப் பற்றி எழுத வேண்டாம். 173ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவின்படி அனுப்புகிறேன், 14 நாள் கடந்து இத்தனை நாள் ஆயிற்று என்று மட்டும் எழுதுங்கள். அநேகமாக அந்தக் கடிதம் நிலையத்துக்கு வந்த அன்றே உங்களுக்குத் தொலைபேசி வரும். வராவிட்டால் அந்த ஒப்புகை அட்டையையும் ஒரு பிரமாணப் பத்திரத்தையும் இணைத்து நடுவர் நீதிமன்றத்தில் மனு போட வழி இருக்கிறது. வழக்கறிஞர் வைத்துக்கொள்வது நல்லது.

வழக்குப் பதிந்ததும் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. வாங்கியவுடன் மூன்று இடங்களைப் பாருங்கள்: சம்பவம் நடந்த தேதி, நிலையத்துக்குத் தகவல் கிடைத்த தேதியும் நேரமும், தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டம். நீங்கள் இரண்டு மாதம் முன்பே போனீர்கள். "இன்று காலை நிலையம் வந்து கொடுத்த புகாரின் பேரில்" என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். புதிதாக ஒரு புகார் எழுதித் தாருங்கள் என்று கேட்டாலும், அதில் பழைய மனு ரசீது எண்ணை முதல் வரியிலேயே எழுதுங்கள். காப்பீட்டு நிறுவனம் வழக்கு எண்ணையும், கடைசியில் வண்டி கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றையும் கேட்கும். தேதி இடித்தால் அங்கே உங்கள் பணம் நின்றுவிடும். ரைட்டர் முகம் சுளிப்பார். பரவாயில்லை, உட்கார்ந்திருங்கள். அவர் சுளிப்பது உங்களைப் பார்த்து அல்ல, ஏற்கெனவே எழுதி முடித்த பக்கத்தைப் பார்த்து.